நெத்திலிக் கருவாட்டு வாசனைக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி: கடலோரக்காரி, கடலூர் முதுநகர்

எல்லாருக்கும் வணக்கம். மாமியாரும் நானும் பத்து வருஷமாகக் கருவாடு போடுகிறோம். நெத்திலி, காரப்பொடி, வாளை, சென்னாக்குனி, இந்த நாலும்தான். முன்பெல்லாம் மாமியார் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார். இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் போன வருஷத்திலிருந்து கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். சென்னைக்குப் போகிறது, பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறது. வாங்குவது தமிழ்க் குடும்பங்கள்தான் என்றாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வருவதில்லை. ஆகவே பாக்கெட்டில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தைப் படித்தால் புரியும். எழுத உட்கார்ந்தால்தான் ஒரே அர்த்தத்தில் நாலு சொல் வந்து நிற்கும், எதை எடுப்பது என்று தெரியாது.

முதல் தடவை போனில் ‘இயற்கையான வாசனை’ என்று தட்டினேன். ‘நேச்சுரல் ஃப்ரேக்ரன்ஸ்’ என்று வந்தது. அதையே போட்டு 500 ஸ்டிக்கர் அடித்தோம். பத்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டு, “இதில் சென்ட் மாதிரி ஏதாவது சேர்க்கிறீர்களா? என் மருமகளுக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது” என்று கேட்டார். நான் பதறிப்போனேன். எங்கள் நெத்திலியில் வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது, வாளைக்கு மட்டும் கொஞ்சம் உப்பு. மணல் ஒட்டக் கூடாது என்று தரையில்கூடப் போடுவதில்லை, கம்பு நட்டு வலை கட்டி அதன் மேல்தான் பரப்புகிறோம். அப்படிச் செய்த பொருளைப் பற்றி ஒரு சொல்லால் சந்தேகம் வந்துவிட்டதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகன் ‘ஓடர்’ என்று போடச் சொல்கிறான். அகராதியைப் பார்த்தால் ஸ்மெல், ஓடர், சென்ட், அரோமா, ஃப்ரேக்ரன்ஸ் எல்லாவற்றுக்கும் மணம், வாசனை என்றே இருக்கிறது. அப்படியென்றால் எதற்கு ஐந்து சொல்?

இன்னும் இரண்டு சந்தேகம். ‘ட்ரை ஃபிஷ்’ என்பதா, ‘ட்ரைடு ஃபிஷ்’ என்பதா? அப்புறம், சமைக்கும் முறையில் ‘வெந்நீரில் பத்து நிமிஷம் வாஷ் செய்யவும்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் குழாயடியில் பத்து நிமிஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நெத்திலி எல்லாம் தூளாகிவிட்டது என்று படம் அனுப்பினான். அங்கே எந்தச் சொல் போட வேண்டும்?

எனக்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம். கருவாட்டின் வாடையை மறைக்கவும் கூடாது, அதைக் கேவலப்படுத்தவும் கூடாது. உள்ளதைச் சொல்கிற ஒரு சொல் போதும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில்தான் கருவாட்டை அதிகம் தேடுவார்கள். அதற்குள் புது ஸ்டிக்கர் வந்தாக வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வாத்தியார், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் நேரே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆங்கிலத்தை ஒரு நிமிடம் தள்ளி வையுங்கள். மல்லிகைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? மணம். மிளகாயை வறுத்தால்? நெடி. பச்சை மீனைக் கழுவிய கையில்? கவிச்சி. சாக்கடைக்கு? நாற்றம். நாலும் மூக்குக்கு எட்டுகிறவைதான். ஆனாலும் ‘மல்லிகை நெடி’ என்று யாராவது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை எந்த அகராதியும் உங்களுக்குக் கற்றுத்தரவில்லை, வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலச் சொற்களுக்கும் அப்படித்தான் கூட்டாளிகள் உண்டு. நமக்கு அவற்றைக் கேட்டுப் பழக வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

‘ஃப்ரேக்ரன்ஸ்’ பூவோடும் சோப்போடும் ஊதுபத்தியோடும் சேரும். சோப்பு, பவுடர் டப்பாக்களில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், வாசனைக்காகச் சேர்த்த பொருளுக்கே அந்தப் பெயர்தான் போட்டிருக்கும். பெங்களூர் அம்மா பயந்தது நியாயம். ‘சென்ட்’ என்றால் நம் ஊரில் பாட்டில் என்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் பூவுக்கும் வரும், மோப்ப நாய் பிடித்துக்கொண்டு ஓடுகிற தடத்துக்கும் வரும். முதலில் அது வேட்டைக்காரர்களின் சொல். உங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

‘ஓடர்’ கூடவே கூடாது. உங்கள் மகன் தப்பாகச் சொல்லவில்லை, அறிவியல் பாடத்தில் அந்தச் சொல் நடுநிலையாகத்தான் வரும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். இப்படியான பேச்சில் ‘ஓடர்’ பொருந்தும். வீட்டுப் பேச்சில் அது வியர்வைக்கும் குப்பைத்தொட்டிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சாப்பிடும் பொருளின் மேல் அதை ஒட்டாதீர்கள்.

‘ஸ்மெல்’லில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னால் நல்ல அடைமொழி வந்தால் நல்லது: ‘இட் ஸ்மெல்ஸ் குட்.’ ஒன்றுமே வராமல் ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று நிறுத்தினால் ‘நாறுகிறது’ என்று அர்த்தம். நம் ‘நாறு’ம் ஒரு காலத்தில் இப்படி இல்லையே. ஆண்டாள் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று வெண்சங்கிடம் கேட்டது மணக்குமா என்ற பொருளில். ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. இன்று துர்நாற்றத்தைக் குறிக்கும் ‘ஸ்டென்ச்’ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நல்ல வாசனைக்கும் சொல்லப்பட்டது. இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

எதற்கு ஐந்து சொல் என்று கேட்டீர்கள். 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் சில நூறு ஆண்டுகள் அரண்மனைப் பேச்சு பிரெஞ்சு, வயல்காட்டுப் பேச்சு ஆங்கிலம். ‘ஓடர்’, ‘சென்ட்’ எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. ‘அரோமா’ கிரேக்கம், அங்கே அது நறுமணப் பொருளையே குறித்தது. உங்கள் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயருக்குச் செயின்ட் டேவிட் கோட்டை, எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள். இடையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இரண்டு பேரும் பீரங்கி வைத்துச் சண்டை போட்டார்கள். அவர்களுடைய சொற்களோ அதற்கு எத்தனையோ காலம் முன்பே ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டன.

என் தேர்வு ‘அரோமா’. காப்பி, சுட்ட ரொட்டி, தாளிதம் என்று சாப்பாட்டோடு சேர்கிற சொல் அது.

‘ட்ரை’, ‘ட்ரைடு’ கேள்விக்கு நாளை வருகிறேன். கண் வலிக்கிறது.

பதில் 2: கப்பல் சமையல்காரன், தேவனாம்பட்டினம்

அக்கா, நானும் நம்ம ஊர்தான். பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் செய்தேன். பல நாட்டு ஆட்களுக்கும் பொதுவாக எழுதி ஒட்டுவது ஆங்கிலத்தில்தான் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘அரோமா’வைப் பாக்கெட்டின் முகப்பில் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறுவது அரோமா இல்லை அக்கா. காப்பிப்பொடி டப்பாவைத் திறப்பது மாதிரி என்று நினைத்துத் திறப்பவன் ஏமாந்துபோவான். ஊரில் பிறந்தவனுக்குத் தெரியும், பெங்களூரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ‘ஸ்ட்ராங் ஸ்மெல்’ என்று நேராகவே போடுங்கள். ‘ஸ்ட்ராங்’ என்பதில் குறை சொல்வது கிடையாது, டிகிரி காப்பியையும் ஸ்ட்ராங் என்றுதானே சொல்கிறோம். ‘பஞ்சன்ட்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் படித்தது வேதியியல் புத்தகத்தில், குளோரினுக்கும் அமோனியாவுக்கும்.

கழுவுவது பற்றி: நீங்கள் மனதில் நினைத்தது ஊறவைப்பது, எழுதியது கழுவுவது. ‘சோக்’ என்றால் ஊறவை. ‘வாஷ்’ என்றால் கழுவு, அதில் தேய்ப்பதும் அடங்கும், அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. ‘ரின்ஸ்’ என்றால் அலசு. துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்த பிறகு நல்ல தண்ணீரில் முக்கி எடுப்போமே, அதுதான். நெத்திலிக்கு இப்படி எழுதுங்கள்: வெந்நீரில் ஐந்து நிமிஷம் ‘சோக்’, அப்புறம் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை ‘ரின்ஸ்’. நிமிஷத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள். போடாவிட்டால் கொண்டைக்கடலை மாதிரி ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிடுவார்கள்.

‘ஃப்ரை’ என்று போட்டிருந்தால் அதையும் பாருங்கள். நாம் வெறும் சட்டியில் வறுப்போம், எண்ணெயில் பொரிப்போம், வெங்காயத்தோடு வதக்குவோம், தணலில் சுடுவோம். ஆங்கிலத்தில் எண்ணெய் பட்டாலே பெரும்பாலும் ‘ஃப்ரை’தான். இந்த இடத்தில் நம் மொழிதான் நுட்பம். அதனால் பொரிப்பதற்கு ‘டீப் ஃப்ரை’, கொஞ்சம் எண்ணெயில் புரட்டுவதற்கு ‘ஷேலோ ஃப்ரை’, எண்ணெயே இல்லாமல் வறுக்க ‘ட்ரை ரோஸ்ட்’ என்று பிரித்து எழுதுங்கள். இல்லையென்றால் கருவாட்டுத் தொக்குக்கு யாராவது அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுவார்கள்.

இன்னொன்று. நெத்திலிக்கு ஆங்கிலப் பெயரான ‘ஆஞ்சோவி’ என்று மட்டும் போட்டால், வெளிநாட்டுச் சமையல் பார்க்கிறவர்களுக்கு உப்பில் பதப்படுத்தி எண்ணெயில் மிதக்கும் தகர டப்பா மீன் ஞாபகம் வரும். ‘நெத்திலி’ என்பதைப் பெரிய எழுத்தில் வையுங்கள், அந்தப் பெயர் கீழே சின்னதாக இருக்கட்டும். சிங்கப்பூர், மலேசியாவுக்கு அனுப்பினால் ‘இக்கான் பிலிஸ்’ என்று சேர்த்தால் உடனே புரிந்துவிடும்.

பதில் 3: அச்சுக்கடை, நெல்லிக்குப்பம்

ஸ்டிக்கர் அடிக்கிறவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘யூஸ் பை’ இரண்டையும் மாற்றி மாற்றிக் கொண்டுவருகிறார்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டினால் ருசியும் பதமும் குறையலாம், கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ தாண்டினால் சாப்பிடவே கூடாது. ஒன்று தரம் பற்றியது, மற்றது உடம்பு பற்றியது. அதேபோல் ‘நெட் வெயிட்’ என்றால் உள்ளே இருக்கிற மீனின் எடை மட்டும். கவரோடு சேர்த்து நிறுத்து எழுதாதீர்கள். 14 இலக்க உணவு உரிம எண்ணைத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் வையுங்கள். போன தடவை 500 அடித்து வீணாகிவிட்டது என்கிறீர்கள், இந்தத் தடவை 200 அடித்துப் பாருங்கள் அக்கா.

பதில் 4: ஓய்வுபெற்ற வாத்தியார், முத்தியால்பேட்டை

நேற்று விட்ட இடத்திலிருந்து வருகிறேன்.

‘ட்ரை ஃபிஷ்’ என்றால் நம் நாட்டில் எல்லாருக்கும் புரியும், ‘ட்ரை ஃப்ரூட்ஸ்’ மாதிரி. ஆனாலும் ‘ட்ரைடு’ என்றே போடுங்கள். ‘ட்ரை’ என்பது காய்ந்த மீன். ‘ட்ரைடு’ என்பது காயவைத்த மீன். முதலாவதில் மீன் இருக்கிற நிலை மட்டும் தெரிகிறது. இரண்டாவதில், யாரோ ஒருவர் வெயிலில் நின்று அதைக் காயவைத்தார் என்பதும் சேர்ந்து வருகிறது. கம்பு நட்டு வலை கட்டிப் பரப்புகிறோம் என்று எழுதினீர்களே, அந்த வேலை முழுவதும் கடைசியில் வரும் அந்த ‘டு’வில் இருக்கிறது.

இதே கணக்கு மற்றவற்றுக்கும் வரும். ‘க்ளீன் ஃபிஷ்’ என்றால் அழுக்கில்லாத மீன். ‘க்ளீன்டு ஃபிஷ்’ என்றால் தலையும் குடலும் எடுத்து ஆய்ந்த மீன். நீங்கள் ஆய்ந்து காயவைப்பதாக இருந்தால் மட்டும் இரண்டாவதைப் போடுங்கள். ‘சால்ட்டட்’ என்றால் உப்பிட்டது. ‘சால்ட்டி’ என்றால் உப்புக் கரிப்பது, அதைப் பல சமயம் குறையாகத்தான் சொல்வார்கள். வாளைப் பாக்கெட்டில் ‘சால்ட்டட்’, நெத்திலியில் ‘நோ ஆடெட் சால்ட்’. உப்பே சேர்க்காவிட்டாலும் கடல் மீனில் இயல்பாகக் கொஞ்சம் உப்பு இருக்கும், அதனால் ‘சால்ட் ஃப்ரீ’ என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். ‘சேர்க்கவில்லை’ என்பதும் ‘இல்லவே இல்லை’ என்பதும் வேறு வேறு.

‘ஃப்ரெஷ்’ என்று எங்கேயாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நாம் புதுக் கருவாடு என்று தாராளமாகச் சொல்வோம். மீனைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் ‘ஃப்ரெஷ்’ என்றால் காயவைக்காதது, உறையவைக்காதது, டப்பாவில் அடைக்காதது. ‘ஃப்ரெஷ் ட்ரைடு ஃபிஷ்’ என்றால் பச்சைமீன் கருவாடு என்று சொன்னது மாதிரி முரணாக நிற்கும். ‘நியூலி ட்ரைடு’ என்றால் சரியாக வரும்.

அரோமா விஷயத்தில் கப்பல்காரத் தம்பியின் மறுப்பை இரவெல்லாம் யோசித்தேன். பிரித்த உடனே வருவது அரோமா இல்லை என்பது உண்மைதான். வகுப்பில் இதை ஒரு மாணவன் கேட்டிருந்தால் அவனைத் தட்டிக்கொடுத்திருப்பேன்.

பதில் 5: கடலோரக்காரி

ஐயாவுக்கும் தம்பிகளுக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். காயவைத்த மீன், காய்ந்த மீன் என்று ஐயா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். “தானாக் காய்ஞ்சா அது கரையில ஒதுங்குன மீனு. நாம காயவெச்சாத்தான் கருவாடு” என்றார். அதனால் ‘சன்-ட்ரைடு’ என்பதை முடிவு செய்துவிட்டேன். மீதியில் மாற்றினாலும் இதை மாற்ற மாட்டேன்.

நெத்திலி பொடிசு என்பதால் நாங்கள் ஆய்வதில்லை, முழுசாகவே போடுகிறோம். அதனால் அதில் ‘க்ளீன்டு’ வராது. வாளைக்கு வரும். இத்தனை நாளும் நாலு பாக்கெட்டிலும் ‘க்ளீன்’ என்று ஒரே மாதிரி அடித்திருக்கிறோம். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எடுத்துவிடுகிறேன்.

வாசனைக்கு வருகிறேன். ஐயா அரோமா என்கிறார், தம்பி ஸ்மெல் என்கிறார், எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. மாமியாரிடம் கேட்டேன். “பாக்கெட்டுக்குள்ள இருக்கும்போது வாடை, சட்டியில விழுந்தா வாசனை” என்றார். அதையே எடுத்துக்கொண்டேன். பின்பக்கத்தில், வைத்திருக்கும் முறை எழுதும் இடத்தில் இப்படி வரும்: கருவாட்டுக்கு இயல்பான ‘ஸ்ட்ராங் ஸ்மெல்’ உண்டு, காற்றுப் புகாமல் மூடி வைக்கவும். சமைக்கும் முறையின் கடைசி வரி: மிதமான தீயில் வறுக்கவும், ‘அரோமா’ வந்ததும் இறக்கவும். நாங்கள் பக்குவம் பார்ப்பதும் அப்படித்தான். கடிகாரம் பார்த்து வறுத்தால் நெத்திலி கருகிவிடும், மூக்கைத்தான் நம்ப வேண்டும். முகப்பில் வாசனையைப் பற்றி ஒன்றும் இல்லை. ‘நெத்திலி’, அதன் கீழே ‘சன்-ட்ரைடு ஆஞ்சோவி’, அதன் கீழே ‘மணலில் போடாமல் வலையில் காயவைத்தது’. ஐயா, ‘ட்ரைடு ஆன் நெட்ஸ், நாட் ஆன் சேண்ட்’ என்றால் சரியா? இலக்கணம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஊறவைப்பது, அலசுவது தம்பி சொன்னபடியே. நிமிஷத்தை எண்ணாகப் போட்டுவிட்டேன். ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘யூஸ் பை’ இரண்டுக்கும் என்ன தேதி போடுவது என்பதை உரிமம் வாங்கிய இடத்தில் நேரில் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அதை நானாக முடிவு செய்வது சரியாக இருக்காது.

பெங்களூர் அம்மாவுக்கும் போன் செய்து, அந்தச் சொல் எப்படி வந்தது என்று விளக்கினேன். அரைக் கிலோ காரப்பொடி கேட்டிருக்கிறார்.

பதில் 6: ஓய்வுபெற்ற வாத்தியார், முத்தியால்பேட்டை

‘ட்ரைடு ஆன் நெட்ஸ், நாட் ஆன் சேண்ட்.’ இலக்கணம் சரி. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

‘அரோமா வந்ததும் இறக்கவும்’ என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கம்ஸ்’ என்று போடாமல் ‘ரைசஸ்’ என்று போடுங்கள். சட்டியிலிருந்து மணம் எழும்புகிறது என்ற பொருள் அதில்தான் வரும். சென்னாக்குனியை ‘ஸ்மால் பிரான்’ என்று போட்டிருக்கிறீர்களா? அது சின்ன இறால் குஞ்சு என்று நினைக்கவைக்கும். ‘டைனி ஷ்ரிம்ப்’ என்று போடலாம். ‘பிரான்’, ‘ஷ்ரிம்ப்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களுமே ஒத்துப்போவதில்லை. பிரிட்டனில் பொடிசு ‘ஷ்ரிம்ப்’, பெரிசு ‘பிரான்’ என்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லாமே ‘ஷ்ரிம்ப்’. சென்னாக்குனிக்கு இரண்டு ஊர்க் கணக்கிலும் ‘ஷ்ரிம்ப்’ பொருந்திவிடும்.

அந்த 200 ஸ்டிக்கர் வந்ததும் நெத்திலி அரைக் கிலோ எனக்கும் ஒன்று அனுப்புங்கள். கூரியர் செலவைச் சேர்த்தே தருகிறேன்.